ஸ்டீபன் நெஞ்சில் இரும்பு

ஸ்கேன் இயந்திரம் கடகடவென்று அடிக்கிறது. கண்ணாடிக்கு அந்தப்புறம் ஸ்டீபனின் பாதங்கள் மட்டும் வெளியே தெரிகின்றன. குதிகால் வெடிப்பில் கும்மிடிப்பூண்டி உருக்காலையின் கரி. போன வாரம் அவன் ரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்பு அணுக்களைப் பிரித்து, கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்களை அவற்றுக்குள் ஏற்றி, திரும்ப உடம்புக்குள் அனுப்பியிருக்கிறார்கள். நெஞ்சிலிருக்கும் புற்றுக்கட்டியை அந்த அணுக்கள் எட்டினால் திரையில் கறுப்பாகத் தெரியும். எட்டாவிட்டால் வேறு வைத்தியம் கிடையாது. அவன் கழற்றிக் கொடுத்த சிலுவைச் செயினை இறுக்கிப் பிடித்தபடி மனைவி விக்டோரியா திரையைப் பார்க்கிறாள். வெளுத்த கட்டியின் மேல் மிளகுப்பொடி தூவினாற்போல் புள்ளிகள்.

"கறுப்பா கீதே மேடம். போய்ச் சேந்துட்ச்சா?"

திரை முன் இருக்கும் டாக்டர் ஸ்ரீவாணி, அணுக்களை அனுப்புவதற்கு முன் எடுத்த படத்தைப் பக்கத்தில் திறக்கிறாள். அதே கட்டி. அதே இடங்களில் அதே புள்ளிகள்.

"அவருக்கு என்ன வேலைம்மா?"

"இரும்பு கிரைண்டிங். பத்தொம்பது வருசமா."

"இது நாங்க அனுப்பின இரும்பு இல்லம்மா. கம்பெனித் தூசு. நாங்க அனுப்பினது கல்லீரலைத் தாண்டவே இல்ல."

இயந்திரம் நிற்கிறது. ஸ்பீக்கரில் ஸ்டீபனின் குரல் வருகிறது: "இன்னா விக்டோரியா, போய்ச் சேந்துச்சா? இல்ல, வழில டீ குட்ச்சிகினு கீதா?"

ஸ்ரீவாணி மைக்கை அவள் பக்கம் நகர்த்துகிறாள். விக்டோரியா குனிகிறாள்.

"மூச்ச புட்ச்சிகினு ஆடாம படு. இன்னும் பாத்துகினுதான் கீறாங்க."

முடிந்துபோன ஸ்கேனுக்காக ஸ்டீபன் மூச்சைப் பிடித்துக்கொள்கிறான்.