நாற்பதாவது லெவல்

"எடுத்துக்கிட்டுப் போங்க ஐயா. ஆனா ஆஃப் மட்டும் பண்ணிறாதீங்க."

பிரியந்தி காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். தேயிலை பெக்டரியை மேற்பார்க்கும் ஐயா முத்துலிங்கம் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. அவள் கையிலிருந்த விளையாட்டு மிஷினை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"தேத்தண்ணி நேரம் முடிஞ்சு அஞ்சு நிமிஷமாச்சு. ஓடுற பெல்ட்டுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு பேயைச் சுட்டுக்கிட்டிருக்க. கை போச்சுன்னா யாரு பதில் சொல்றது? திங்கக்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்க."

அன்று சனிக்கிழமை.

உள்ளங்கை அகல மிஷின் அது. ஹட்டன் டவுனில் இஸ்ஸதீன் கடையில் பழசாக வாங்கியது. அதில் ஒரே ஒரு விளையாட்டுதான். செத்தும் சாகாத ஸாம்பிகள் கூட்டம் கூட்டமாக வரும், சுட்டுத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். மொத்தம் நாற்பது லெவல். பழசு என்பதால் ஒரு குறையும் கூடவே வந்தது. மிஷினுக்கு ஞாபகசக்தி போய்விட்டது. ஒரு தடவை அணைந்தால் போதும், மறுபடியும் முதல் லெவல்தான்.

தோட்டத்துப் பையன்கள் ஒருத்தனும் இருபத்தைந்தைத் தாண்டியதில்லை. அவளுடைய அண்ணன் ஜெயகாந்தன் பதினெட்டிலேயே கவிழ்ந்தான். கவிழ்ந்தவன் சும்மா இருந்திருக்கலாம். பொம்பளைப் பிள்ளைகளுக்கு இது பத்துக்கு மேல் ஓடாது என்று லயத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டான்.

பிரியந்திக்கு வந்ததே ரோஷம். பதினோரு நாள் மிஷினை அணைக்கவே இல்லை. இரவில் வீட்டில் சார்ஜ், பகலில் தூள் சலிக்கும் அறை மூலையில் இருக்கிற பிளக்கில் சார்ஜ். தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் ஒரு கையில் கோப்பை, மறு கையில் துப்பாக்கி. முப்பத்தொன்பதாவதை முடித்து மூச்சு விட்ட நேரத்தில்தான் ஐயா வந்து நின்றார்.

சார்ஜ் மூன்று மணி நேரம்தான் தாங்கும். மத்தியானம் ஆபீசுக்குப் போய், பதினோரு நாள் கதையையும் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, போய் வேலையைப் பார் என்றார். மனசு கேட்காமல் சார்ஜரை மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

"அந்த மனுசன் சிரிச்சு நீ பாத்திருக்கியா? அவருகிட்டப் போய் சொல்லிக்கிட்டு" என்றாள் கூட வேலை செய்யும் நாகலெட்சுமி.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே பேய்க்காற்றும் மழையும். பெரிய மரமொன்று கரண்ட் கம்பி மேல் விழுந்து தோட்டம் முழுக்க கரண்ட் போனது. பெக்டரியிலும் இல்லை. மிஷினுக்குக் கருமாதி எப்போது என்று அண்ணன் கேட்டான். பிரியந்தி அன்றைக்குச் சோற்றில் கை வைக்கவில்லை.

திங்கள் சாயங்காலம் ஆபீசுக்குப் போனபோது அவளுக்கு நம்பிக்கை துளியும் இல்லை. பேப்பரில் சுற்றிய மிஷினை எடுத்து நீட்டினார் ஐயா.

"இனிமே பெல்ட்டுப் பக்கம் கண்டேன்னா திருப்பித் தரமாட்டேன்."

வாங்கிக்கொண்டு வெளியே வந்து, கேட்டுக்குப் பக்கத்தில் நின்று பேப்பரைப் பிரித்தாள்.

திரை எரிந்துகொண்டிருந்தது. முப்பத்தொன்பது முடிந்தது, நாற்பதுக்குத் தயாரா என்று கேட்டது.

எப்படி உயிரோடு இருக்கிறது என்று யோசிக்க அவளுக்கு ஏது நேரம். அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். வேலை முடிந்து வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். செய்தி லயத்துக்குப் போய், ஜெயகாந்தன் செருப்பு போடாமல் ஓடி வந்தான்.

நாற்பதாவதில் வந்தது ஒரே ஒரு ஸாம்பிதான், ஆனால் மலை மாதிரி. தலையில் சுட்டாள், அசையவில்லை. நெஞ்சில் சுட்டாள், சிரித்தது. காலைச் சுட்டாள், தடுமாறியது. பிறகு விடவேயில்லை. கடைசிக் குண்டில் மலை சரிந்து விழுந்தது. திரை முழுக்க வாணவேடிக்கை.

நாகலெட்சுமி குலவை போட்டாள். பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள், பெக்டரிச் சுவரே அதிர்ந்தது. "என் தங்கச்சி, என் தங்கச்சி" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு நின்றான் ஜெயகாந்தன். பிரியந்திக்குக் கண்ணீர் வந்தது. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மிஷினை ஆபீஸ் ஜன்னலை நோக்கித் தூக்கிக் காட்டினாள்.

"பெரிய ஸாம்பி உள்ளதான் ஒக்காந்திருக்கு. அதாலயே என்னைய நிறுத்த முடியல."

எல்லாரும் சிரித்தார்கள். ஜன்னல் மெதுவாகச் சாத்தப்பட்டது.

"நேத்து பூரா கரண்டே இல்லையே. மாரியம்மாதான் அணையாமக் காப்பாத்தியிருக்கா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள் நாகலெட்சுமி.

கேட்டில் நின்ற வாச்சர் பழனியாண்டி மட்டும் சிரிக்கவில்லை.

"மாரியம்மா இல்ல புள்ள. சொல்லக்கூடாதுன்னாரு, ஆனா நீ இப்படிப் பேசின பொறகு வாயை மூடிக்கிட்டு இருக்க முடியல. நேத்து கரண்ட் வர்ற வரைக்கும் ஐயா கொட்டுற மழையில வேனை ஸ்டார்ட்டுல வச்சுக்கிட்டு, ஒன் மிஷினை அதுல சொருகி, மடியில வச்சு ஒக்காந்திருந்தாரு. என்னங்க ஐயான்னு கேட்டேன். 'பாவம், அந்தப் பிள்ளை பதினோரு நாள் பாடுபட்டிருக்கு பழனியாண்டி, அணைய விடக்கூடாது'ன்னாரு."