யூகலிப்டஸ் துப்பாக்கிகள்

எங்கள் துப்பாக்கி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்த ராணுவக் கேப்டன் ஒபாந்தோ விழுந்து விழுந்து சிரித்தார்.

யூகலிப்டஸ் கட்டை. அடுப்புக்கரி பூசியிருந்தோம். குழலுக்குப் பழைய தண்ணீர்க் குழாய்.

சிரிக்கட்டும். இதை வைத்துத்தான் இரண்டு வருஷம் ஊரைக் காப்பாற்றினோம். தூரத்திலிருந்து பார்த்தால் மதில் முழுக்கத் துப்பாக்கி. சுடுமா என்று கிட்டே வந்து சோதிக்க எவனுக்கும் தைரியம் வரவில்லை.

போன வாரம் சந்தையில் எவனோ உளறி, குட்டு உடைந்துவிட்டது. இனி மேல்மலையிலிருக்கும் புரட்சிக்காரர்கள் எப்போது வேண்டுமானாலும் இறங்குவார்கள். எங்களுக்கு நிஜத் துப்பாக்கி வேண்டும்.

அது கேப்டனின் லாரியில் இருந்தது. நாங்கள் ஓட்டுப் போட்டுத் தலைநகர் லீமாவில் உட்காரவைத்த அரசாங்கத்துக்கு, ஆண்டீஸ் குடியானவர்களையும் நம்பலாம் என்று தோன்றப் பத்து வருஷம் பிடித்தது. கேப்டன் கையெழுத்துப் போட்டால் இறக்கலாம். போடாவிட்டால் லாரி அப்படியே திரும்பும்.

ஊர்க்காவல் தலைவி ஹெர்மெலிந்தா கொடுத்த அவித்த உருளைக்கிழங்கைத் தின்றபடி அவர் மதிலோரம் நடந்தார்.

பாதி வழியில் நின்றார். சிரிப்பும் நின்றது.

பாதித் துப்பாக்கிகள் மேல்மலையைப் பார்த்திருந்தன. மீதி, சாலையைப் பார்த்திருந்தன. அந்தச் சாலை அவருடைய முகாமுக்கு மட்டும்தான் போகிறது.

"எதிரி மலையில இருக்கான். இதெல்லாம் யாருக்கு வெச்சிருக்கீங்க?"

ஹெர்மெலிந்தா கண்ணைத் தாழ்த்தவில்லை.

"என் தம்பியக் கொன்னவங்க மலையிலருந்து வந்தாங்க, கேப்டன். என் புருஷனக் கூட்டிட்டுப் போனவங்க இந்த ரோட்டு வழியா வந்தாங்க. விசாரிச்சுட்டு விட்டுடுறோம்னு சொன்னாங்க. இன்னும் விசாரிச்சுட்டுத்தான் இருக்கீங்களா?"

அவர் மிச்ச உருளைக்கிழங்கை மதில்மேல் வைத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். வெட்கமா, மேலிடத்து உத்தரவா, தெரியாது. எங்களுக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

போகும்போது, அந்தக் கட்டைகளை எரித்துவிடும்படி சொன்னார்.

மலைப்பக்கத்துக் கட்டைகளை அன்றே அடுப்பில் வைத்தோம். அங்கே இப்போது நிஜத் துப்பாக்கிகள் நிற்கின்றன.

சாலைப்பக்கத்துக் கட்டைகள் அப்படியேதான் இருக்கின்றன. மழையில் கரி கரைந்தால் ஹெர்மெலிந்தா மறுபடி பூசுகிறாள்.

அவை வெறும் கட்டை என்று கேப்டனுக்குத் தெரியும். இருந்தும் அவருடைய லாரி இப்போதெல்லாம் ஊருக்கு வெளியே வளைவிலேயே நின்று, ஹாரன் அடித்துவிட்டுக் காத்திருக்கிறது.