நின்றாலும் ஆடணும்

பாஸ்கருக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. திருவொற்றியூரில் இருபது வருஷமாக எஞ்சின் வேலை பார்க்கிறான். இப்படி ஒரு ஆளைப் பார்த்ததில்லை.

மேசைமேல் இரண்டு கேம்ஷாஃப்ட் கிடந்தன; எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும், மேடு வைத்த தண்டுகள். காரைக் கொண்டுவந்த பகலவன், அவற்றில் மேடு உயரமாக இருந்ததையே எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான்.

"அது ரேஸுக்கு, மாமு" என்றான் பாஸ்கர். " எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் லாரி பின்னாடி ஊர்ந்துகினு போசொல்லோ இழுவையே கெடைக்காது. சும்மா நின்னாலே வண்டி முழுக்க கிடுகிடுன்னு ஆடும்."

"ஆடணும். அதான் வேணும்."

"சவுண்டுக்கா? சைலன்ஸரை மாத்திக் குடுக்கறேன், போ."

"சவுண்டு வாணாம்ப்பா." பகலவன் வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தான்.

"பேஜாரா கீது உன்னோட. மூணு ஸ்டார்ட்டர் மோட்டாரை ஒடச்சிகினு வந்தவன் நீ. மொதல்ல ஒழுங்கா ஓட்டக் கத்துக்கோ."

"நான் எங்க ஓட்டறேன்? வண்டி என் தங்கச்சி செங்கொடிது."

அவள் வாசலில் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். "உள்ள வாம்மா" என்றான் பாஸ்கர். அவள் திரும்பவில்லை. பகலவன் போய்த் தோளைத் தொட்டதும்தான் திரும்பினாள்.

"அவளுக்குக் காது கேக்காது. எஞ்சின் ஓடுதா நின்னுச்சான்னு தெரியாம, ஓடிகினு கீற வண்டியவே திரும்ப ஸ்டார்ட் பண்றா. அதுலதான் மோட்டார் ஒடையுது. ஆடினா ஒடம்புக்குத் தெரியும்ல."

பாஸ்கர் சாவியை எடுத்தான். அதே கேம்ஷாஃப்ட் போட்ட இன்னொரு காரில் அவளை உட்காரவைத்துக் கிளப்பினான். தகரக் கூரை அதிர்ந்தது.

கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவள், அண்ணனைப் பார்த்துக் கையை அசைத்தாள்.

"இன்னா சொல்லுது?"

"பத்தலையாம்."