மெதுவாக ஓடும் டேப்

தண்டலத்து ஓட்டு வீட்டில், கூரைக் கண்ணாடி வழியே விழும் வெயிலில் பழைய டேப் ரெக்கார்டர் திறந்து கிடக்கிறது. அறுந்த பெல்ட்டுக்குப் பதிலாகச் சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டியிருக்கிறான் சுப்பராயன். சுருள் தயங்கித் தயங்கிச் சுற்றுகிறது. போன ஆடியில் காய்ச்சலில் இறந்த ஆறு வயது மகனின் பேச்சு, தடித்த ஆண்குரலாக வருகிறது. “யப்பா, நான் பேசுனா இது திருப்பிப் பேசுமா?” அடுப்படியிலிருந்து சந்திரம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டே எட்டிப் பார்க்கிறாள். “யாருய்யா வந்துகிறது?” “யாருமில்ல. நம்ம பையந்தான். பெல்ட்டு வழுக்குது, அதான் கொரலு இப்பிடி கீது. இரு, சரி பண்ணிடறேன்.” அவன் பெல்ட்டைக் கழற்றக் குனிகிறான். அவள் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொள்கிறாள். “வேணாம்யா, அப்பிடியே வுடு. புள்ள வளந்துட்டான்.”