கப்பலில் வந்த பெட்டி

மீன்கடைக் குளிர் அறையின் வெண்புகையில் மிதப்பதுபோல் நின்றார் உணவுத்துறை ஆய்வாளர். வெளிநாட்டு மீன்பெட்டி ஒன்றின் லேபிளை விட்டு அவர் கண் அகலவில்லை. கடைக்காரம்மா அவரை நெருங்கினாள். கடை லைசென்ஸைப் புதுப்பிக்க இன்றுதான் கடைசி நாள்.

"தேதி தாண்டிடுச்சா சார்?"

"இல்லம்மா. போன மாசம் கப்பல்லயே பேக் பண்ணது."

"பேக் பண்ணவர் கையெழுத்து இல்லையா?"

"இருக்கு."

"அப்புறம் ஏன் இப்படி முறைக்கிறீங்க? மீனே பயந்துடும் சார்."

அவர் லைசென்ஸில் கையெழுத்துப் போட்டார். அதன் கடைசிச் சுழியைக் கண்டதும் அவள் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். லேபிளிலும் அதே சுழி.

"உங்க பையனா சார்?"

"கோவிச்சுக்கிட்டுக் கப்பல் வேலைக்குப் போனான். ஒரு வருஷமா போன்கூட இல்ல."

லேபிளில் படிந்த பனியைக் கட்டைவிரலால் மெல்லத் துடைத்தார்.

"போன மாசம் நல்லாத்தான் இருந்திருக்கான்."