பழைய தேதியில் ஒரு புது வரைபடம்

மடிக்கணினித் திரையில் அக்காவின் பதினோரு நாள் நடை காணாமல் போயிருக்கிறது. நிலத்தடிக் குழாய்களைத் தேடித் தெருத்தெருவாக அலைந்து அவள் குறித்துவந்த சிவப்புப் புள்ளிகளில் பெயருக்குக்கூட ஒன்று மிஞ்சவில்லை. இரண்டு கணினியிலும் ஒரே வரைபடம் இருக்கட்டுமே என்று, அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் தங்கை தன் பழைய கோப்பை அதன்மேல் ஏற்றிவிட்டாள், பாவி. சன்னல் வெயில் மேசைத் தூசியில் சாய்ந்து கிடக்கிறது. மின்விசிறி கடகடக்கிறது.

"இப்ப ரெண்டும் ஒண்ணா இருக்குல்லக்கா?"

"இருக்குடி! ரெண்டுலயும் ஒண்ணுமே இல்லாம ஒண்ணா இருக்கு. எது புதுசுன்னு தேதி பார்க்க மாட்டியா? கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?"

"பார்த்தேனே. உன் லேப்டாப் போன வருஷத் தேதியைக் காட்டுது, அதான் என்னோடதுதான் புதுசுன்னு நினைச்சேன். சரி பண்ணு, சரி பண்ணுன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

 அக்காவின் கோபம் போக இடமில்லாமல் காதுமடல் வரை ஏறிச் சிவக்கிறது. நாளைக் காலை இந்த வரைபடத்தை நம்பித்தான் கடைத்தெருவில் பள்ளம் தோண்டப்போகிறார்கள். தப்பான இடத்தில் குத்தினால் எரிவாயுக் குழாய் உடையும். படாரென்று கணினியை மூடுகிறாள்.

"எழுந்திரு. இருட்டறதுக்குள்ள அந்தத் தெருவையாவது அளந்துடலாம். நீ முன்னால நட. நான் திட்டிக்கிட்டே பின்னால வர்றேன்."