ஓடாத மேஷ்ட்ரு

அன்று காலை பத்தாம் வகுப்பு பி பிரிவில் இருந்தவர்கள்: எதற்கெடுத்தாலும் ‘ஏன்?’ என்று கேட்டு ஒரு வாத்தியாரை அழவைத்த எரிக். நின்றுகொண்டே குறட்டை விடும் மலர். தன்னை ஜப்பான் கார்ட்டூன் ஹீரோ என்று நம்பி, யூனிஃபார்ம் சட்டையை முதுகில் கட்டிக்கொண்டு திரியும் ஜாய்சன். ஹெச்.எம். குரலில் பேசி மொத்தப் பள்ளிக்கும் லீவு விட்ட பிரிசில்லா. அப்புறம், வாசலில் ஒரு புது ஆள்.

மேஷ்ட்ரு என்றால் கன்னடத்தில் வாத்தியார். ஈஜிபுராவில் இருந்த அந்தப் பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்வார்கள். வாட்ச்மேன் சேஷகிரி கதவைத் திறந்து, வாய் நிறைய வெற்றிலையோடு ‘மேஷ்ட்ரு பந்த்ரு’, அதாவது வாத்தியார் வந்துட்டார், என்பது மாதிரி ஏதோ சொல்லிவிட்டு, துப்புவதற்கு ஓடினார்.

நான்கு பேரும் எழுந்து நின்றார்கள். மரியாதை இல்லை, பயம். அதுவரை வந்த மூன்று வாத்தியார்களும் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடியிருந்தார்கள். பாடம் முடியும்வரை ஹெச்.எம். பவுலின் மேடம் கதவை வெளியே பூட்டிவிடுவார் என்பதால், கம்பி இல்லாத அந்தச் சின்ன ஜன்னல்தான் ஒரே வழி.

அடுத்தவரும் ஓடினால் நான்கு பேருக்கும் டி.சி. என்று மேடம் முந்தின நாள் சொல்லியிருந்தார். பிரிசில்லாவுக்கு டி.சி. என்றால் மறுநாளே அக்காவோடு கார்மெண்ட்ஸ் வேலை. அதனால் இவர் என்ன சொன்னாலும் செய்வது என்று நான்கு பேரும் முடிவு பண்ணியிருந்தார்கள்.

வந்தவர் முகத்தில் மாரிகுப்பம் ரயிலில் நின்றுகொண்டே வந்த களைப்பு இருந்தது. பிள்ளைகளைப் பார்க்கவில்லை. நேராக ஜன்னலுக்குப் போனார். சுற்றிலும் தட்டினார், தலையை நீட்டிக் கீழே எட்டிப் பார்த்தார். டி.சி.தான் என்று நினைத்தாள் பிரிசில்லா. இவர் வருகைப் பதிவுகூட எடுக்காமல் ஓடப்போகிறார்.

ஓடவில்லை. திரும்பி, எத்தனை பேர் என்று கேட்டார். நாலு பேர் என்றதும், போதும், வராந்தாவில் கிடக்கிற சிமெண்ட் பிளாக்கை எல்லாம் உள்ளே எடுத்து வாங்க என்றார்.

ஜாய்சனுக்கு மட்டும் ஆச்சரியமே இல்லை. அவன் பார்க்கும் அனிமேயில் நல்ல வாத்தியார் எவரும் புத்தகத்தைத் தொடுவதில்லையாம். முதலில் கக்கூஸ் கழுவ விடுவாராம். எதற்கென்று நாற்பதாவது எபிசோடில்தான் தெரியுமாம். பிளாக் சுமந்தபடியே மற்றவர்களுக்கு விளக்கினான்.

முதல் வரிசை வைக்கும்போது எரிக் தன் வேலையை ஆரம்பித்தான்.

“நேரா ஏன் சார் வெக்கணும்?”

“இல்லன்னா விழும்.”

“ஏன் விழும்?”

“வெச்சுப் பாரு.”

வைத்தான். காலில் விழுந்தது. அதற்கப்புறம் எரிக் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று பட்டதாரிகளால் முடியாத காரியம்.

மட்டம் பார்க்கும் நூலின் ஒரு முனையை மலரிடம் கொடுத்து, அசையாமல் நில்லு பாப்பா என்றார். மலர் நின்றபடி தூங்கிவிட்டாள். இவ்வளவு ஆடாமல் நூல் பிடிக்கிற ஆளைப் பார்த்ததே இல்லை என்று அவர் சொல்ல, பாராட்டுக் கேட்டுப் பழக்கமில்லாததால் திடுக்கிட்டு விழித்தாள். நூல் கோணியது. திட்டு வாங்கினாள்.

பாதி ஜன்னல் மறைந்தபோதுதான் பிரிசில்லாவுக்குப் புரிந்தது. ஓடுகிற வழியை இந்த மனுஷன் தன் கையாலேயே அடைக்கிறார்.

“அப்ப நீங்க ஓடவே மாட்டீங்களா சார்?”

“வேல முடியாம நான் எங்கயும் போனதில்ல பாப்பா.”

மார்ச் பரீட்சை வரைக்கும் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அதன் பிறகு இரண்டு இரண்டு பிளாக்காகத் தூக்கினாள். ஜாய்சன் முதுகுச் சட்டையை அவிழ்த்து, வழிந்த சிமெண்ட் கலவையைத் துடைத்தான்.

மதிய மணி அடிப்பதற்குள் ஜன்னல் இருந்த இடத்தில் சுவர் இருந்தது. அவர் கை கழுவிவிட்டு, தினமும் தண்ணீர் ஊற்றச் சொன்னார். முதல் ஹோம்வொர்க் என்று ஜாய்சன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.

பவுலின் மேடம் வந்தார். பின்னால் லேப்டாப் பையோடு ஒல்லியாக ஒருவர். பிரிசில்லா முந்திக்கொண்டு, சார் ஓடவில்லை, நாங்கள் ஓட்டவும் இல்லை என்றாள். மேடம் அவளைக் கண்டுகொள்ளாமல் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

“முடிஞ்சுதா மேஸ்திரி?”

“முடிஞ்சுது மேடம். சித்தாள் வேற நீங்களே குடுத்துட்டீங்க. நல்ல புள்ளைங்க.”

சேஷகிரி சொன்னது மேஸ்திரி. நடுவில் வெற்றிலை.

மேஸ்திரி கரணையைப் பையில் போட்டுக்கொண்டு, யாரையும் திரும்பிப் பார்க்காமல் வெளியேறினார். ஒல்லியானவர்தான் புதுக் கணக்கு வாத்தியார் உமேஷ் சார் என்று சொல்லி, மேடம் அவரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார். வெளியே பூட்டு விழுந்தது.

உமேஷ் சார் நான்கு பேரையும் ஒருமுறை பார்த்தார். முன்னால் இருந்தவர்கள் யாரோ விவரம் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். அவர் கண் ஜன்னலைத் தேடியது. இந்தச் சுவரில் தேடியது, அந்தச் சுவரில் தேடியது, ஈரமாக இருந்த இடத்தில் வந்து நின்றது.

பிரிசில்லா கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்தாள்.

“நாங்களே கட்டினது சார்.”